மூணு தடவை கேட்டும் பதில் வரல

ஜெயந்தினி வேலையில கெட்டிக்காரின்னு நான் சொல்லல. கொழும்புல அவளோட மெனேஜரே சொன்னாரு, அதுவும் கேக் வெட்டிச் சொன்னாரு. அந்தக் கேக்கை அவ கொம்பியூட்டர் திரையில பார்த்தா. பக்கத்துல நின்னு நானும் எட்டிப் பார்த்தேன். கொம்பியூட்டருக்கு எழுதுற கட்டளையை அவ கோடுன்னு சொல்லுவா. அவ எழுதின கோடுக்காக வெட்டின கேக்கை அங்க ஒபிஸ்ல இருந்தவங்க எல்லாம் தின்னாங்க, இங்க நாங்க ரெண்டு பேரும் ப்ளேன்டீ குடிச்சோம். அதே கோடை வெச்சுத்தான் பின்னாடி அவளை வெளிய போட்டாங்க. எனக்கு இன்னும் வயிறு எரியுது.

நான் இராக்கம்மா. லுணுகலை பஜார்ல ஸனூஸ் நானாவோட ஹார்ட்வெயார் கடைக்கு மேல தையல் கடை வெச்சிருக்கேன். ஜெயந்தினி எங்க தேயிலைத் தோட்டத்துப் புள்ள. அவங்க லயத்து வீட்டுல போன் பேசணும்னாலே வெளிய வந்து கோயில் மேட்டுல ஏறணும், அந்த லட்சணத்துல இன்டர்நெட்டுக்கு எங்க போறது? அதனால என் கடை ஜன்னலோரம் ஒரு மேசை போட்டுக் குடுத்தேன். கரண்ட் போனா ஸனூஸ் நானா தன்னோட ஜெனரேட்டர்ல இருந்து மேலுக்கு ஒரு வயர் இழுத்து விடுவாரு. "எங்கட லுணுகலையில உட்கார்ந்து கொழும்ப ஓட்டுற புள்ள"ன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமை பீத்திக்குவாரு. வயரும் அவரோடது, பெருமையும் அவரோடது.

பதுளையில டிப்ளோமா படிச்சதும் அவளுக்குக் கொழும்புல வேலை கிடைச்சிச்சு. கல்யாணமும் ஆச்சு. புருஷன் கட்டாருக்கு லொறி ஓட்டப் போயிட்டான். மக யதுர்ஷா பொறந்த பிறகு, கைப்பிள்ளைய அம்மாகிட்ட விட்டுட்டு மறுபடி கொழும்பு போர்டிங்குக்கே போனா. ஒரு தடவை லீவுல வந்தப்போ, பிள்ளை இவளை யாரோன்னு நெனச்சு அழுது அம்மாயியோட சீலைக்குள்ள போய் ஒளிஞ்சிருக்கு. அதை என்கிட்ட சொல்லும்போதே அழுதுட்டா. பெற்றோல் இல்லாம நாடே வரிசையில நின்ன காலத்துல, எல்லாரும் வீட்டுல இருந்தே வேலை செய்யுங்கன்னு கம்பனி சொல்லிச்சு. ஓடி வந்தவதான், திரும்பிப் போகல.

"அக்கா, எங்க போனாலும் எனக்கு வேலை கிடைக்கும். இங்க இருந்துக்கிட்டே செய்யிற வேலை கிடைக்காது"ன்னு சொல்லுவா. "இது போச்சுன்னா திரும்பக் கொழும்புதான். பாப்பா யாரோ, நான் யாரோ."

நேர்சரி விட்டதும் பிள்ளை நேரா என் கடைக்கு வந்துரும். வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் பொம்மைக்குச் சீலை கட்டிக்கிட்டு, அம்மா காலடியிலேயே கிடக்கும். அவ்வளவுதான் ஜெயந்தினி கேட்டது. பெரிய ஆசையா, சொல்லுங்க?

அவளோட கம்பனி ஆன்லைன்ல பஸ் சீட்டு புக் பண்ணிக் குடுக்கிற கம்பனி. சனம் போனைத் தட்டினா, அந்தப் பக்கம் பத்து மெஷின்ல ஏதாவது ஒண்ணு பதில் சொல்லும். அதை சேர்வர்னு சொல்லுவா. எந்த சேர்வருக்கு யாரை அனுப்புறதுன்னு முன்னால நின்னு பிரிச்சு விடுறதுக்குப் பேரு லோட் பெலன்சர். எனக்கு அது உடனே புரிஞ்சு போச்சு. "அட, பெரட்டுல நிக்கிற கங்காணி!"ன்னேன். தோட்டத்துல காலைல பேரைக் கூப்பிட்டு, இருக்கிற ஆளைப் பார்த்து கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்புறாரே, அதே வேலைதான். ஜெயந்தினி சிரிச்சுட்டு, "அந்தப் பேர் கூப்பிடுறதைத்தான் அக்கா நான் எழுதுறேன்"ன்னா. அதுக்கு ஹெல்த் செக்னு பேராம்.

கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு சேர்வரையும் கூப்பிட்டு "இருக்கியா?"ன்னு கேக்கணும். மூணு தடவை பதில் இல்லன்னா அதுக்கு வேலை குடுக்கிறதை நிப்பாட்டணும். பிறகும் கேட்டுக்கிட்டே இருக்கணும். ரெண்டு தடவை ஒழுங்கா பதில் சொல்லிட்டா திரும்பச் சேர்த்துக்கணும். இதெல்லாம் முன்னாடி ஆளுக்கு ஆள் பட்டனை அமத்தி வெச்சிருந்தாங்களாம். ஒரு மெஷினுக்கு ஒரு சட்டம், ஏன் அப்படி வெச்சாங்கன்னு கேட்டா வெச்சவன் வேலையை விட்டே போயிருப்பான். இவ எல்லாத்தையும் ஒரே பைல்ல கோடா எழுதிட்டா. என்ன கேக்கணும், எத்தனை தரம் பொறுக்கணும், எப்ப சேர்க்கணும், எல்லாம் அதுல. அதை ஓட விட்டா பத்துக்கும் ஒரே சட்டம்.

அதுலயும் ஒரு கள்ளத்தனம் இருந்திச்சு. சித்திரை வருஷப்பிறப்புக்குச் சனம் முண்டியடிச்சு புக் பண்ணினப்போ, ஒரு சேர்வர் "இருக்கேன், இருக்கேன்"ன்னு சத்தம் குடுத்துக்கிட்டே ஒரு சீட்டுக்கூடப் போடாம நின்னுருக்கு. உள்ள ஏதோ அடைச்சுப் போச்சாம். பெரட்டுல பேரைக் குடுத்துட்டு மலைக்குப் போகாம நழுவுற ஆளுகளை நான் எத்தனை பார்த்திருப்பேன்! ஜெயந்தினி கோடை மாத்தினா. சும்மா இருக்கேன்னு சொன்னாப் போதாது, ஒரு சீட்டைத் தேடி எடுத்துக் காட்டுன்னு கேக்க வெச்சா. கள்ளன் பிடிபட்டான். அதுக்குத்தான் அந்தக் கேக்.

கேக்கைத் தின்ன மெனேஜருக்கு மூளை வேலை செய்ய ஆரம்பிச்சிச்சு. மெஷினுக்கு இவ்வளவு நல்லா வேலை செய்யிற முறை, வீட்டுல இருந்து வேலை செய்யிற மனுஷனுக்கு ஏன் கூடாது? ஜெயந்தினியோட கோடையே மாதிரியா வெச்சு, ஒபிஸ்ல வேற ஒருத்தன் செஞ்சு முடிச்சான். "உங்களுக்குத்தான் பெருமை"ன்னு மெனேஜர் இவளுக்குச் சொன்னாரு. இவளும் தேங்க்யூ சொன்னா. வேற என்னத்தச் சொல்றது?

அன்னைல இருந்து அவ திரையில திடீர் திடீர்னு ஒரு சின்னப் பெட்டி வரும். இருக்கேன்னு அமத்தினாப் போதாது, ஒரு சின்னக் கணக்குப் போடணும். ஏழும் அஞ்சும் எத்தனை, இருபதுல எட்டு போனா மிச்சம் எத்தனை, இந்த மாதிரி. மூணு பெட்டிக்குப் பதில் இல்லன்னா ஆள் வேலையில இல்லன்னு அர்த்தம். கக்கூஸ் கீழ, கடைக்குப் பின்னால. இவ படியில தடதடன்னு இறங்கி ஓடுறதைப் பார்த்து ஸனூஸ் நானா, "என்ன புள்ள, வீடு பத்திக்கிச்சா?"ன்னு கேப்பாரு.

நான் சும்மா இருப்பேனா? அவ எழும்பினதும் போய் உட்கார்ந்துருவேன். ஊசியை உதட்டுல கவ்விக்கிட்டே பன்னிரண்டுன்னு தட்டுவேன். ஒரு நாள் நேர்சரிக் கலைவிழா. பிள்ளைக்கு வண்ணத்துப்பூச்சி வேஷம், றெக்கை தைச்சதே நான்தான். ஜெயந்தினி அரை நாள் லீவு கேட்டா, மெனேஜர் குடுக்கல. "போடி போய்ப் பாரு"ன்னு துரத்தி விட்டுட்டு, நான் உட்கார்ந்து கணக்கா போட்டுத் தள்ளினேன். ஒண்ணும் தப்பல. அந்த வாரம் அவளுக்கு ஒரு மெயில் வந்திச்சு, வீட்டுல இருந்து வேலை செய்யிறவங்கள்ல இவதான் ரொம்பப் பொறுப்பான ஆளாம். பக்கத்துல ஒரு நட்சத்திரப் படம் வேற. ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம்.

தீபாவளிக்கு முந்தின கிழமைதான் வினை வந்திச்சு. கொழும்புல வேலை செய்யிற எங்க சனம் முழுக்க ஒரே நேரத்துல ஊருக்கு வர பஸ் புக் பண்ணுது. என் கடையிலயும் தலைக்கு மேல வேலை, சட்டைத்துணி மலையாட்டம் குவிஞ்சு கிடக்கு. திடீர்னு ஜெயந்தினி, "ஐயோ அக்கா, ஒவ்வொண்ணா விழுது!"ன்னு கத்தினா.

நடந்தது இதுதான். கூட்டம் தாங்காம சேர்வர் எல்லாம் மெதுவாப் போச்சு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுது, ஆனா பிந்திச் சொல்லுது. பிந்தினா பதில் இல்லன்னு கணக்கு. முதல்ல ஒரு சேர்வரை எடுத்துப் போட்டிச்சு. அதோட சுமை மத்த ஒம்பதுக்கும் போச்சு, அதுல ஒண்ணு விழுந்திச்சு, பிறகு இன்னொண்ணு. வேலை செஞ்சு மூச்சு வாங்குற ஆளைச் செத்துட்டான்னு எடுத்துப் போட்டா மிச்சப் பேரு என்ன ஆவாங்க? ஒபிஸ்ல யாருக்கும் கைகால் ஓடல. இவதான் கோடைத் திறந்து, பதிலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கிற மாதிரி மாத்தினா. மாத்தி ஓட விட்டா, ஒரு இடத்துல பிழை காட்டிச்சு, திரும்ப மாத்தினா. தண்ணி குடுத்தேன், குடிக்கல. பிள்ளை வந்து பொம்மையக் காட்டிச்சு, திரும்பிப் பார்க்கல.

நடுவுல அந்தச் சின்னப் பெட்டி வந்திச்சு. அதை மவுஸால ஓரத்துக்குத் தள்ளி விட்டா. திரும்ப வந்திச்சு, திரும்பத் தள்ளினா. "தள்ளு புள்ள, நான் தட்டுறேன்"னு கையை நீட்டினேன். "கையை எடுங்க அக்கா, இப்ப வேணாம்!"னு சீறினா. அவ என்கிட்ட அப்படிப் பேசினதே இல்ல, நான் என் தையல் மெஷினுக்குப் போயிட்டேன். மூணாவது பெட்டியையும் அவ தள்ளியிருக்கணும்.

ஒரு கட்டத்துல அவ நாற்காலியில சாய்ஞ்சு பெருமூச்சு விட்டா. விழுந்த சேர்வர் எல்லாம் ரெண்டு தடவை பதில் சொல்லி, திரும்ப வேலைக்கு வந்திருச்சு. "பத்தும் நிக்குது அக்கா"ன்னு சிரிச்சா. சிரிச்ச வாய் மூடல, திரை வெள்ளையாப் போச்சு. மூணு தடவை கேட்டும் பதில் இல்லாததால உங்க பேர் வேலையில இருந்து எடுக்கப்பட்டிருக்குன்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்திச்சாம். மகாராசி, ஒத்தைக் கையால கம்பனியையே தூக்கி நிறுத்திட்டு, வேலை செய்யலன்னு பேர் வாங்கிட்டா!

மெனேஜருக்குப் போன் போட்டா. ஸ்பீக்கர்ல போடுன்னு நான் சொன்னேன். மனுஷன் நல்ல மரியாதையாத்தான் பேசினாரு, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"நீங்கதான் காப்பாத்தினீங்க, தெரியும் ஜெயந்தினி. ஆனா இது சிஸ்டம் எடுத்த முடிவு. உங்களுக்காக நான் கைவெச்சா, நாளைக்கு மத்தவங்களும் கேப்பாங்க."

"சரி சேர், நான் இப்ப இருக்கேனே. ரெண்டு தடவை பதில் சொன்னா திரும்பச் சேர்க்கிற மாதிரித்தானே அந்தக் கோட்ல எழுதியிருக்கேன்?"

அந்தப் பக்கம் கீபோர்ட் தட்டுற சத்தம் கேட்டிச்சு. பிறகு, "அந்தப் பகுதியை நாங்க இதுல சேர்க்கல. ஆளுகளுக்கு அது தேவைப்படும்னு தோணல"ன்னாரு.

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னாரு. ஒபிஸுக்கே வந்து வேலை செய்யிறதா இருந்தா, புதுசா எடுக்கிற மாதிரி எடுத்துக்கலாம். வீட்டுல இருந்து செய்யிற வேலை மட்டும் இனி இல்ல. ஜெயந்தினி "யோசிச்சுச் சொல்றேன் சேர்"னு வெச்சுட்டு, பிள்ளையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டா. நான் அந்த மெனேஜரை, அவன் கேக்கை, அவன் சிஸ்டத்தை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். யோசிக்கிறதுக்கு என்ன இருந்திச்சு? வேற வேலை தேடினா, எல்லாம் கொழும்பு இல்லன்னா வெளிநாடு. தீபாவளி முடிஞ்ச கையோட போயிட்டா.

பிள்ளை இப்பவும் நேர்சரி விட்டு இங்கதான் வருது. அம்மாயி கொழுந்து நிறுத்துட்டு வந்து கூட்டிக்கிட்டுப் போகும். ஜெயந்தினி தினமும் போன் போட்டுப் பேசுவா. ஒரு நாள் சொன்னா, "அக்கா, ஒரு கூத்துத் தெரியுமா? இங்க அந்தப் பெட்டியே வர்றதில்ல. ஒபிஸ்ல இருக்கிறவங்களை யாரும் கேக்கிறதில்ல. காலைல வந்து நாற்காலியில உட்கார்ந்தாப் போதும். பக்கத்துல ஒருத்தன் பகல் முழுக்க கிரிக்கெட் பார்க்கிறான்." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. கொஞ்ச நேரத்துல சிரிப்பு நின்னு போச்சு. "பாப்பாவைப் பார்க்கணும் போல இருக்கு அக்கா"ன்னா.

அவ போய் ஒரு வருஷம் ஓடிருச்சு, ஜனவரியில பிள்ளை முதலாம் வகுப்பு. வெள்ளைச் சட்டை நான்தான் தைக்கணும், அளவை மட்டும் நான்தான் சொல்லுவேன்னு ஜெயந்தினிக்கு ஒரு பிடிவாதம். "அவ உடம்பு எனக்குத் தெரியாதா? எழுதிக்கோங்க"ன்னு தோள், நீளம், கை எல்லாத்தையும் போன்லயே ஒப்புவிச்சா. அந்த அளவுக்கே வெட்டித் தைச்சு, பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தேன். தோள்ல ஏறவே இல்ல. நீளமும் முழங்காலுக்கு மேலயே நின்னு போச்சு. பிள்ளை வளர்ந்திருக்கு.

வேற துணி வாங்கி, பிள்ளையை முன்னால நிறுத்தி அளந்து, புதுசா ஒண்ணு தைச்சேன். அன்னைக்கு ராத்திரி போன் வந்திச்சு.

"சட்டை போட்டுப் பார்த்தீங்களா அக்கா? நான் சொன்ன அளவு சரியா இருந்திச்சா?"

"கச்சிதமா இருந்திச்சு"ன்னு சொன்னேன்.