பழகிடும், தங்கச்சி

பழைய கார் வாங்கி விற்கும் அந்த மனிதரை எல்லோரும் மஞ்சத்துணி என்றுதான் கூப்பிடுவார்கள். தோளில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி கிடக்கும். பேசிக்கொண்டே எதிரில் நிற்கும் வண்டியைத் துடைப்பார். துடைத்துக்கொண்டே அதை விற்றும் விடுவார். சும்மா சொல்லக் கூடாது, ஆள் திருடன் இல்லை. மீட்டரைத் திருத்தியதில்லை, அடிபட்ட வண்டியைப் பெயின்ட் பூசி மறைத்ததில்லை. அவரிடம் இருந்த கெட்ட பழக்கம் வேறு. அதைக் கெட்ட பழக்கம் என்று அவர் நினைத்ததே கிடையாது.

வண்டி கைமாறும்போது, அதைச் செய்த கம்பெனிக்காரர்களுக்கு வாங்கியவரின் போன் நம்பரைக் கொடுக்க மாட்டார், தன் நம்பரைக் கொடுத்துவிடுவார். கம்பெனி என்னிடம் சொல்லட்டும், நான் உங்களிடம் சொல்கிறேன், உங்களுக்கு எதற்கு அந்தத் தொல்லை என்பார். அப்பாடா என்று எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். அப்புறம் அந்த வண்டி அவருடைய சிநேகிதர் பட்டறையில்தான் ரிப்பேருக்கு நிற்கும். விற்பதென்றாலும் அவரிடமே திரும்பி வரும். பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகும் பிடியை விடாத மாமனார் நீ என்று பட்டறை மெக்கானிக்கே கிண்டல் செய்வார்.

தையல் கடை வைத்திருந்த ஓர் அம்மாள் அவரிடம் சின்ன வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினாள். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஓட்டவே கற்றிருந்தாள். இந்த வயசில் இவளுக்கு இந்த ஆசை எதற்கு என்று வீட்டுக்காரர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவளோ ரோஷக்காரி. தைத்த துணிகளைப் பின்சீட்டில் அடுக்கி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, வியாபாரத்தைப் பெருக்கிக் காட்டினாள்.

பழைய வண்டியில் குறை இல்லாமல் இருக்குமா? கதவுக் கண்ணாடி பாதியில் நிற்கிறது, ஏசியில் ஈரத்துணி வாடை அடிக்கிறது, கிளட்சை மிதித்து மிதித்து முழங்கால் விட்டுப்போகிறது என்று அவ்வப்போது வந்து நிற்பாள். எல்லாவற்றுக்கும் மஞ்சத்துணியிடம் ஒரே மருந்துதான். "இந்த மாடல்ல எல்லா வண்டியும் இப்படித்தான். பழகிடும், தங்கச்சி." அண்ணன் சொன்னால் சரி என்று அவளும் போய்விடுவாள்.

இப்படி இருக்கும்போது கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அந்த வெள்ளைக் கார் செய்யப்பட்ட வருஷத்து வண்டிகளையெல்லாம் கம்பெனியே திரும்ப அழைக்கிறதாம். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் இடத்தில் ஒரு போல்ட் தளர்ந்து கழன்றுவிடலாம். இலவசமாக மாற்றித் தருவோம், ஆனால் சாமான் வரச் சில மாதம் ஆகும், அதுவரை ஓட்டாமல் இருப்பதே நல்லது என்றாள். சொல்லிடறேம்மா என்றார் இவர். சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அதே வருஷத்து வண்டி இன்னும் இரண்டு அவருடைய கொட்டகையில் நின்றன. தையல் கடையில் ஒரு காதில் விழுந்தால் ஊர்க் காதிலேயே விழுந்த மாதிரி. அப்புறம் அவற்றை யார் சீண்டுவார்கள்? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். நாளைக்கும் ஒரு நாளை இருந்தது. அந்த இரண்டையும் விற்கவும் மனசு வரவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை. திரிசங்கு சொர்க்கம்தான் போங்கள்.

அடுத்த வாரமே அவள் வந்தாள். திருப்பும்போது அடியில் கடக் கடக்கென்று ஒரு சத்தம் கேட்கிறது என்றாள். மஞ்சத்துணிக்குப் போனில் கேட்ட போல்ட்தான் ஞாபகம் வந்தது. கடவுளே கொண்டுவந்து நிறுத்திய சமயம் அது; சொல்லியிருக்க வேண்டும். பாழாய்ப்போன வாய், பழகின தடத்திலேயே ஓடியது.

"பழகிடும், தங்கச்சி."

அவள் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிப் போனாள். துணியை எடுத்துத் தன் வாயிலேயே அடைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. அப்போதும் ஓடிப்போய் மறித்தாரா என்றால், இல்லை.

ஒரு வளைவில் அவள் ஸ்டியரிங்கைச் சுற்றினாள், சக்கரம் திரும்பவில்லை. வண்டி நேரே போய் ஒரு கிடங்கின் சுவரில் மோதியது. உயிர் தப்பியதே பெரிசு என்றார்கள். ஆனால் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது, கத்தரி பிடிக்கும் கை. நசுங்கிய வண்டி பட்டறைக்கு வந்ததும் மஞ்சத்துணி மண்ணில் படுத்து அடியில் பார்த்தார். போல்ட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்குக் குறுகுறுக்கவில்லை, குடைந்தது.

பழப் பையோடு அவள் வீட்டுக்குப் போனார். முன்னறையில் வீட்டுக்காரர், பார்க்க வந்த நாலு பேரிடம் பேசிக்கொண்டிருந்தார். பிரேக்குக்குப் பதிலாக வேறு எதையோ மிதித்திருப்பாள், நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன், கேட்டாளா என்றார். அவர்களும் உச்சுக்கொட்டினார்கள். மஞ்சத்துணி தலையைக் குனிந்தபடி உள்ளறைக்குப் போனார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, மூடிக்கிடந்த தையல் மிஷினுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். இவர் எதிரில் போய் உட்கார்ந்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"மன்னிச்சுடுங்கண்ணே. நல்ல வண்டியா பாத்துக் குடுத்தீங்க. நான்தான் கெடுத்துட்டேன்."

இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று வீட்டுக்காரரிடம் சத்தியம் செய்து கொடுத்துவிட்டாளாம்.

ஆமாம் தங்கச்சி, உடம்பைப் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஒரு பயலுக்குத் தெரியாது. அப்படி ஒரு நினைப்பு வரத்தான் வந்தது. வந்ததற்கே அவருக்குக் கூசியது. பழப் பையைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே போன் வந்ததிலிருந்து போல்ட் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். "எப்போலேருந்து தெரியும்?"

"சத்தம் கேக்குதுன்னு வந்தியே. அதுக்கு முன்னாடியே தெரியும்."

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

"அப்போ நான் நல்லாத்தான் ஓட்டினேனா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் ஓட்டினே, தங்கச்சி. தப்பு முழுக்க என்னோடது."

அவள் எழுந்தாள். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்து, இடது கையால் கதவை அகலத் திறந்தாள். முன்னறைப் பேச்சு உள்ளே கேட்டது.

"இப்ப சொன்னதை வந்து அவர்கிட்ட சொல்லுங்க. உக்காந்திருக்கிறவங்களும் கேக்கட்டும், கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க. தங்கச்சின்னு மட்டும் சொல்லாதீங்க."

மஞ்சத்துணி எழுந்து அவள் பின்னால் முன்னறைக்குப் போனார்.