எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் மூன்றாம் பந்தி

எங்கள் எம்.பி.ஏ. மாணவர்களுக்கு வேலை கொடுக்க ஒரு கம்பெனி காரைக்குடிவரை வந்தது அதுதான் முதல் தடவை. மாணவர்களைத் தயார் செய்யும் பொறுப்பு என் தலையில். ஆறு பேரைப் பொறுக்கி நேர்முகத் தேர்வுக்கு உட்கார வைத்திருந்தேன். ஒருவராவது தேறாவிட்டால் அடுத்த வருடம் எம்.பி.ஏ. வகுப்பே இருக்காது என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார்.

புத்தகப் படிப்பு மட்டும் போதாது, சிக்கல் வந்தால் சமாளிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கம்பெனியில் முன்பே எழுதியிருந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? எப்படிச் சமாளிப்பது என்று ஒரு பக்கம் தட்டச்சு செய்து ஆறு பேருக்கும் கொடுத்தேன். அதில் ஒரு கதை: கண்டனூரில் சொந்தக்காரர் கல்யாணம், மூன்றாம் பந்தியில் சாப்பாடு தீர்ந்துபோகிறது, நான் ஆட்களைப் பிரித்து மெஸ்ஸுக்கு அனுப்பி அரை மணி நேரத்தில் மறுபடி இலை போட வைக்கிறேன். மாதிரிக்குத்தான் எழுதினேன். மாதிரிக்குத்தான் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

ஐந்தாவது பையன் வெளியே வந்ததும் பின்னாலேயே கம்பெனி அதிகாரியும் வந்தார். சென்னைக்காரர், மரியாதையாகப் பேசுகிறவர். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"சார், உங்க ஊர்ல எல்லார் வீட்டுக் கல்யாணத்துலயும் மூணாம் பந்தியிலதான் சாப்பாடு தீருமா?"

"நான் எழுதிக் கொடுத்தது, சார்."

"சரி, உங்களுக்காவது அது நடந்துச்சா?"

நடக்கவில்லை. கல்யாண வீட்டில் நான் எச்சில் இலைகூட எடுத்தது கிடையாது. படித்த கல்லூரியிலேயே பாடம் நடத்த வந்தவன். எந்தக் கம்பெனியிலும் ஒரு நாள் வேலை பார்த்ததில்லை. இல்லை என்று தலையாட்டினேன். அவமானமாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. "இன்னும் ஒருத்தர்தானே? அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மிச்சமிருந்தது காளையார்கோவில் பக்கத்துப் பெண். வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண். என் காகிதத்தை மடியில் வைத்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அதைப் பிடுங்கினேன்.

"இதச் சொல்லாதம்மா. நீயாச் செஞ்சது ஏதாச்சும் இருக்கும்ல, அதச் சொல்லு."

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நானாவா? நீங்க குடுத்தத அப்படியே எழுதுனதுக்குத்தான சார் ரெண்டு வருசமா எனக்கு மார்க்குப் போட்டீக?"

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள்.