ஈயம் கடித்த பல்

எங்கள் குப்பத்தில் என் தம்பியின் பல்லுக்கு இருந்த மரியாதை எனக்கு இருந்ததில்லை. அவனுக்கு அப்போது ஆறு வயது, எனக்கு எட்டு. எங்கள் நைனா எண்ணூர் முகத்துவாரத்தில் வீச்சுவலை போட்டு மீன் பிடிப்பவர். வீசிய வலை அடியில் போய் உட்கார வேண்டுமென்றால் அதன் ஓரம் முழுக்க ஈயம் கட்டியிருக்க வேண்டும். கடையில் விற்கிற ஈயக்குண்டு அவருக்குப் பிடிக்காது. காயலான் கடையில் பழைய பேட்டரி ஈயத்தை வாங்கிவந்து, அம்மா சோறு வடித்த அதே அடுப்பில் உருக்கி, மணலில் கோடு கிழித்து ஊற்றுவார். ஆறியதும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வலையின் ஓரக் கயிற்றில் சுற்றிவைப்பார். அதற்கப்புறம் தம்பியின் வேலை. ஒவ்வொரு துண்டையும் பல்லால் கடித்துக் கயிற்றோடு இறுக்க வேண்டும்.

“கொறடால அழுத்துனா நூலு அறுந்துடும். பல்லுக்குத்தான் பதம் தெரியும்” என்பார் நைனா. அவருக்கே கடைவாயில் பாதிப் பல் கிடையாது. தம்பி அவர் மடியில் உட்கார்ந்து நறுக் நறுக்கென்று கடிப்பான். போகிறவர் வருகிறவரெல்லாம், “இன்னா பல்லுடா உனுக்கு” என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். ஈயம் லேசாக இனிக்கும் என்று வேறு சொல்லி அவன் என்னை வெறுப்பேற்றுவான். நானும் கடிக்கிறேன் என்று எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்தேன். பொம்பளைப் பிள்ளை வலையில் வாய் வைத்தால் மீன் விழாதாம். மீனுக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

இவ்வளவு மரியாதை இருந்தும் தம்பி வளரவில்லை. வீட்டில் அதுதான் பெரிய கவலை. போன தீபாவளிக்கு எடுத்த சட்டை இந்தத் தீபாவளிக்கும் அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. அவனுக்குப் பின்னால் பிறந்த பக்கத்து வீட்டுப் பையன் அவனைத் தாண்டி வளர்ந்துவிட்டான். தம்பி அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவான். நேற்றுப் படித்த எழுத்து இன்றைக்கு மறந்துபோயிருக்கும். அம்மா ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தாள், தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டினாள், திருவொற்றியூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். நைனாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. காரணம் அவருக்குத் தெரியும். கண்ணெதிரே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி நின்றது, கொடியில் காயப்போட்ட துணியிலெல்லாம் சாம்பல் படிந்தது, முகத்துவாரத்துத் தண்ணீர் சில நாள் காலைச் சுட்டது. “அவனுங்கதான் என் புள்ளைய வளரவுடாம பண்றானுங்க” என்று டீக்கடையில் நின்று கத்துவார். சாலை மறியலென்றால் முதல் ஆளாகப் போய் உட்காருவார்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். எங்கள் எல்லோருக்கும் உயரம் பார்த்து, எடை பார்த்து, ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் உடம்பில் என்னென்ன உலோகம் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கப்போகிறார்களாம். பால்பல் விழுந்தால் அதையும் கொண்டுவரச் சொன்னார். உடம்புக்குள் போன ஈயம் எலும்பிலும் பல்லிலும்தான் போய்த் தங்குமாம். மறு வாரமே தம்பியின் முன்பல் ஒன்று விழுந்தது. முறைப்படி சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிய நாங்கள் கிளம்பியபோது, அம்மா அதைப் பிடுங்கி ஒரு மருந்து டப்பாவில் போட்டுவிட்டாள். கூரையில் எறியாத பல் திரும்ப முளைக்காது என்பது எங்களுக்கு உறுதியாகத் தெரியும். ஏற்கெனவே வளராதவன், இனிமேல் பல்லும் வளராதே என்று நானும் அவனோடு சேர்ந்து அழுதேன்.

முடிவு சொல்லப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டபோது, நைனா சண்டைக்குத் தயாராகத்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார். இந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோர் ரத்தத்திலும் ஈயம் இருக்கிறது, காற்றிலும் மண்ணிலும் கலந்திருப்பதால் வந்திருக்கும் என்றார். நான் சொல்லவில்லையா என்பதுபோல நைனா அம்மாவைப் பார்த்தார்.

“ஆனா உங்க பையனுக்கு மட்டும் ரொம்ப அதிகமா இருக்கு. கூடப் பொறந்த பொண்ணுக்குக்கூட இவ்வளவு இல்ல. எதையாவது எடுத்து வாயில வைப்பானா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

அம்மா இல்லையென்று சொன்னாள். தம்பிக்குத்தான் பொறுக்கவில்லை. விழுந்த பல்லின் ஓட்டை தெரியச் சிரித்துக்கொண்டே, “நான்தான் நைனாவுக்கு ஈயம் கட்ச்சி குடுப்பேன். எங்க தெருவுலயே நான்தான் நல்லா கடிப்பேன்” என்றான்.

தெரியாமல் நடந்ததுதானே, இனிமேல் அவனை ஈயத்தைத் தொட விடாதீர்கள், வீட்டு அடுப்பில் உருக்காதீர்கள், பால், முட்டை, கீரையெல்லாம் கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனார். நைனா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“உள்ள பூந்தது வெளிய வந்துருமா டாக்டரம்மா?”

“ரத்தத்துல இருக்கறது கொறையும். எலும்புக்குள்ள போனது அவ்வளவு சீக்கிரம் வராது.”

வீட்டுக்கு வந்ததும் நைனா வலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ போட்டுவிட்டு வந்தார். அதற்கப்புறம் அவர் வீச்சுவலையைத் தொடவே இல்லை, துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். தம்பியும் பிற்பாடு வளர்ந்தான், என் தோள் வரைக்கும். ஆனால் அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் கொட்டம் அடங்கியது என்று நினைத்தேன்.

சாயங்காலம் நைனா சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினார். தம்பியை எதிரில் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, ஈரத் துணியால் அவன் பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். துணியைத் திருப்பிப் பிடித்து மறுபடியும் முதல் பல்லிலிருந்து துடைத்தார். “கூச்சமா கீது நைனா” என்று தம்பி நெளிந்து சிரித்தான். அம்மா அடுப்பங்கரையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறாமை தாங்கவில்லை. ஈயம் கடிக்கவும் அவன்தான், பல் துடைத்துவிடவும் அவன்தானா? தம்பியை இடித்துத் தள்ளிவிட்டு நைனா முன்னால் போய் ஆவென்று வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

நைனா என் வாய்க்குள் பார்த்தார். ஒரு பல் விடாமல் பார்த்தார். பிறகு என் தாடையைப் பிடித்தபடியே அழ ஆரம்பித்துவிட்டார். காலையில் நான் பல் தேய்க்காமல் பள்ளிக்கூடம் போனதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து, நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.