சிரிப்புக் கோர்ட்டில் செங்கமலத்தின் வழக்கு

செங்கமலத்தைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது ஒரு மாசி மாதத்துக் காலையில். நல்லவாட்டிலிருந்து மூலக்குளத்துக்கு மீன் கொண்டுபோய்த் தெருத் தெருவாக விற்கிறவள் அவள். பதினெட்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. அன்று அன்னக்கூடையில் சங்கராவும் கொஞ்சம் நெத்திலியும் இருந்தன. தண்ணீர் சொட்டக்கூடாதென்று அடியில் இரண்டு சாக்கு வேறு போட்டிருந்தாள்.

"யம்மா, எறங்கு. பஸ்ஸே நாறுது" என்றான் கண்டக்டர்.

"டிக்கெட் எடுத்துட்டேன்பா. லக்கேஜுக்கும் சேத்து எடுத்துட்டேன்."

"எடுத்தா இன்னா? எறங்குன்றேன்ல."

கூடையை அவனே தூக்கி ரோட்டோரம் வைத்தான். வைத்தான் என்று சொல்வது மரியாதைக்கு. நெத்திலி பாதி மண்ணில் கிடந்தது. பஸ் நிறைய ஆள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. மூன்றாவது சீட்டில் தெய்வநாயகி உட்கார்ந்திருந்தாள். மூலக்குளத்தில் ஏழெட்டு வருஷமாக செங்கமலத்திடம் வாரம் இருமுறை மீன் வாங்குகிற அம்மாள். செங்கமலம் அவளைத்தான் பார்த்தாள். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே செங்கமலம், கூட விற்கும் பிரேமாவை அழைத்துக்கொண்டு பஸ் கம்பெனிமேல் நடவடிக்கை எடுக்கிற போக்குவரத்து ஆபீஸுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தாள். வாங்கிய குமாஸ்தா முத்திரை குத்தி, "விசாரிப்போம்" என்றார். நான்கு மாதத்தில் ஆறு முறை போனாள். ஆறு முறையும் அதே சொல்தான்.

பேப்பரில் இது ஒரு மூலையில் இரண்டு பத்திச் செய்தியாக வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் புகழேந்தி ஊருக்கு வந்தான். 'அப்ஜெக்‌ஷன் அலமேலு' என்ற டிவி தொடருக்குக் கதை எழுதுகிறவர்களில் ஒருவன். கோர்ட்டு நாடகம்தான், ஆனால் சிரிப்பாக இருக்கும். வாரம் ஒரு வழக்கு, ஊரில் நடக்கிற ஒரு பிரச்சினை. வரதட்சணை, ஆன்லைன் சூதாட்டம், சாக்கடை அடைப்பு என்று எல்லாவற்றுக்கும் அலமேலு என்கிற வக்கீலம்மா வாதாடி ஜெயிப்பாள்.

"உங்க கதையச் சொன்னா நாடே பார்க்கும்மா. ஒரு மாற்றம் வரும்" என்றான்.

செங்கமலம் ஒன்று விடாமல் சொன்னாள். கண்டக்டரைப் பற்றிச் சொன்னதைவிட தெய்வநாயகியைப் பற்றித்தான் அதிகம் சொன்னாள். "அவன் யாரோ எவனோ. இந்தம்மா என் கையால மீனு வாங்கித் தின்றவங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? அதாம்பா எனக்கு ஆறல." புகழேந்தி தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டான்.

அந்தக் கதை வந்த அன்று பிரேமா வீட்டில் தெருவே கூடிவிட்டது. டிவியில் மீன்காரியாக வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, புருவம் திருத்தியிருந்தாள். அலமேலு கூடையோடு கோர்ட்டுக்குள் நுழைந்தாள். எங்கிருந்தோ ஒரு பூனை வந்து எதிர்த்தரப்பு வக்கீலின் மேஜைமேல் ஏறியது. ஜட்ஜ் தும்மிக்கொண்டே தீர்ப்பு வாசித்தார். கடைசியில் கண்டக்டர் அழுதபடி கூடையைத் தலையில் சுமந்துவந்து பஸ்ஸில் ஏற்றினான். பயணிகள் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். பூனைக்கு செங்கமலமும் சிரித்தாள். கைதட்டல் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

புகழேந்திக்குப் போன் போட்டாள்.

"அந்தம்மா எங்கப்பா? ஜன்னலப் பாத்துக்கினு உக்காந்திருந்தவங்க?"

"எழுதினேம்மா. சேனல்ல அத வெட்டிட்டாங்க. சீரியல் பார்க்கிறதே அந்த மாதிரி அம்மாங்கதானே, அவங்களையே குத்தம் சொன்னா எப்படின்னு கேட்டாங்க."

"அப்ப கைதட்டுனாங்கன்னு காட்டுனியே, அது மட்டும் நடந்துச்சா?"

"ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணும்ல" என்றான்.

ஏழாவது முறை மனுவைக் கேட்கப் போனபோது குமாஸ்தா எழுந்து நின்று நாற்காலி போட்டார். "டிவியில பாத்தேன். பிரமாதம்! வூட்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"மனு இன்னா ஆச்சுங்க சார்?"

"அதான் முடிஞ்சுதே" என்றார் அவர். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "இல்ல, விசாரிப்போம்."

இத்தனை மாதமாகக் கிடைத்த வண்டியில் போய்வந்தவர்கள் முன்னால் அடுத்த வாரம் அதே பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப்பார்த்து, "அக்கா, நீங்களா! ஏறுங்க ஏறுங்க" என்றான். பின்னால் பிரேமாவும் இன்னும் இரண்டு பெண்களும் கூடையோடு நின்றார்கள். "நீங்க மட்டும். மத்தவங்கள ஏத்துனா பேசஞ்சர் சண்டைக்கு வருவாங்க."

செங்கமலம் ஏறினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கூடையில் இருந்தது வஞ்சிரம், வேறு என்ன செய்வாள் என்று கேட்டால் நியாயம்தான். ஆனால் பஸ் நகரும்போது பிரேமா பார்த்த பார்வைக்கு அந்த நியாயம் எதையும் அவளால் சொல்ல முடியவில்லை.

அன்று மூலக்குளத்தில் தெய்வநாயகி கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். "உன் கதையாமே அது! நான் அழுதுட்டேன் செங்கமலம். அந்தக் கண்டக்டர் மேல எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே!"

"நீங்களும் அந்த பஸ்ல இருந்தீங்கம்மா" என்றாள் செங்கமலம். "மூணாவது சீட்டு."

தெய்வநாயகியின் முகம் சுருங்கியது. "நானா? யாரப் பாத்தியோ. நான் அப்ப பெங்களூர்ல மக வீட்டுல இருந்தேன்" என்று சொல்லி, எடுத்துப் பார்த்த வஞ்சிரத்தைக் கூடையிலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு அந்தக் கேட்டுக்கு முன்னால் செங்கமலம் எத்தனை குரல் கொடுத்தாலும் திறக்கவில்லை.

மறுநாள் பஸ் வந்தபோது அவள் ஏறவில்லை. "அக்கா, வாங்க" என்று கூப்பிட்ட கண்டக்டரிடம், "நாலு பேரையும் ஏத்து, வர்றேன்" என்றாள். அவன் விசில் ஊதிவிட்டான்.

பிரேமா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள்தான் வாய் திறந்தாள். "அன்னைக்கு ஏறிட்டுப் போனீங்களேக்கா."

"போனேன்டி. தப்புதான்."

இப்போது நால்வரும் சேர்ந்து ஒரு லோடு ஆட்டோவில் போகிறார்கள். பஸ்ஸைவிடச் செலவு. போய்ச் சேருவதற்குள் காலை வியாபாரம் பாதி முடிந்துவிடுகிறது. வாங்குகிறவர்கள் இன்னும், "டிவியில வந்தது நீதான, இப்பல்லாம் பஸ்ல ஏத்துறாங்கல்ல?" என்று கேட்கிறார்கள். இல்லை என்று முதலில் விளக்கிச் சொல்லிப் பார்த்தாள். யாரும் நம்புவதாக இல்லை. இப்போதெல்லாம் மீனை வெட்டிக்கொண்டே, "மனு போட்டிருக்கேம்மா" என்று மட்டும் சொல்கிறாள்.