ஊமத்தம் புகை

"அதெல்லாம் கெடக்கட்டும்க்கா, உங்க பேரனோட இழுப்புக்கு ஊமத்தை இலையக் கொளுத்திப் புகை புடிக்கச் சொன்ன மகராசி யாரு? பேசாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. அந்தப் புகை என்ன பண்ணும்னு நான் பாத்திருக்கேன்."

பக்கத்து வீட்டு அக்கா காலிக் குடங்களோடு குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள். காவேரித் தண்ணீர் வருகிறவரைக்கும் எனக்கும் வாய் சும்மா இருக்காது. நாற்பது தாண்டியதுமே பாட்டியாகிவிட்டவள் நான், எழுத்துக்கூட்டத் தெரியாது. எல்லாம் வாயில்தான் இருக்கிறது.

எங்கள் வீடு அப்போதும் இதே நீலசந்திராவில்தான். தெருவில் கேபிள் டி.வி. வந்த புதிது, எனக்கு ஏழு வயது. அம்மா வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டுவாள். கரித்தூள் ஏறி ஏறி அவளுக்கு இழுப்பு. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரிச் சத்தம் கேட்கும். கால்வாய் ஓரம் ஊமத்தை இலை பறித்து வந்து காயவைப்பது என் வேலை. அதில் துளியூண்டு தணலில் போட்டு அம்மா புகையை உறிஞ்சுவாள். மூச்சு இறங்கும்.

"கையக் கழுவுடி. பூவைச் சாமிக்குப் போடலாம், ஆசாமி வாயில வைக்கக் கூடாது" என்று அதட்டுவாள்.

முந்தின வருஷம்தான் என் அக்கா காய்ச்சலில் போயிருந்தாள். அதற்கப்புறம் அம்மா என்னிடம் பேசியதெல்லாம் இந்த மாதிரி அதட்டல்தான்.

ஒரு நாள், ஏஜென்டு வருவதற்குள் சரக்கை முடிக்க வேண்டும் என்று அம்மா காலையிலிருந்து திரும்பத் திரும்பப் புகை பிடித்தாள். மத்தியானம் பார்த்தால் பலகையில் மாவும் இல்லை, குச்சியும் இல்லை. கை மட்டும் உருட்டிக்கொண்டே இருக்கிறது. கண் முழுக்கக் கறுப்பு. உருட்டிய வெறுங்காற்றை என்னிடம் நீட்டினாள்.

"பெரியவளே, இத வெயில்ல போடுடி. எங்கடி போயிருந்தே இத்தன நாளா?"

பெரியவள் என்றால் அக்கா. நான் சின்னவள். இருந்தாலும், "இங்கதாம்மா இருந்தேன்" என்றேன். இல்லாத ஊதுபத்தியை வெயிலில் பரப்பிவிட்டும் வந்தேன். அம்மா என்னை மடியில் இழுத்துப்போட்டு, இல்லாத பூவைத் தலையில் வைத்துவிட்டாள். எனக்கு ஒரே குஷி.

மாடி வீட்டுக் கன்னடத்து அம்மா எட்டிப் பார்த்து, "அய்யோ, ஏனாயித்து?" என்று பதறி ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் மறுநாள்தான் தெளிந்தது. கண் திறந்த அம்மா என்னைத் தாண்டிப் பார்த்து, "பெரியவ எங்க?" என்றாள்.

"நாந்தாம்மா அது. சும்மா வெளாட்டுக்கு" என்று சிரித்தேன்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் இருக்கும். அப்பா வேலைக்குப் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"சின்னவளே, நெறைய இலை பறிச்சிட்டு வாடி. அப்பாகிட்டச் சொல்லாத."

அவ்வளவு மெதுவாக அவள் என்னிடம் பேசியதே இல்லை. பாவாடை கொள்ளாமல் பறித்து வந்தேன். இன்றைக்கும் மடியில் போட்டுக்கொள்வாள் என்று ஆசை. அன்றைக்கு அவள் நெஞ்சில் பூனைக்குட்டிச் சத்தமே இல்லை. இழுப்பு இல்லாதவளுக்கு இலை எதற்கு என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"அப்புறம்?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"அந்தத் தடவ தெளியலக்கா. குழாய் சீறுது பாருங்க, தண்ணி வந்துடுச்சு. மொதல்ல உங்க கொடத்த வைங்க."