கமுகம்பாளையும் ஒரு தலையாட்டலும்

முதலில் அண்ணம் அரித்தது. வைகாசிச் சடங்கு, அம்மன் கோயில் வாசலில் நெரிசல். பக்கத்தில் விரிந்த கமுகம்பாளைகள் (பாக்குமரப் பூக்குலைகள்) குவிந்து கிடந்தன. மூக்கு ஒழுகியது, நெஞ்சு இறுகியது, உடம்பெல்லாம் நடுங்கியது.

"தாயார் வந்திட்டா" என்றார் யாரோ என்னைக் காட்டி. தெய்வம் ஆடுபவரின் கையில் பாளை கொடுப்பது எங்கள் வழக்கம். என் கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், இரண்டு பாளைகளை என் கையில் திணித்து முகத்தோடு சேர்த்துப் பிடித்தார். சத்தம் போடவும் மூச்சில்லை. செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

மச்சாள் என் காலில் விழுந்தார். "என்ட மகன் உசிரோட இருக்கானா தாயே?"

யுத்த காலத்தில் காணாமல் போன மகன். காற்றுக்குத் தவித்த என் தலை மேலும் கீழும் ஆடியது. மச்சாள் கும்பிட்டு அழுதார். நான் சரிந்து விழுந்த பிறகுதான் ஆட்டோ பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி மூச்சில் தரும் கருவி) வைத்தார்கள். மறுவாரம் கிளினிக்குக்கு மச்சாளும் வந்தார்.

"தென்னந்தோட்டத்துக்குள்ள போனாத் தும்முவீங்களா அம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஓம் டாக்டர். தூசி எண்டு நினைச்சன்."

என்னைப் போல் தூசி, பனி என்று நீங்களும் நாளைக் கடத்தாதீர்கள்.

டாக்டர் தன் கைலேஞ்சியை (கைக்குட்டையை) மடித்துக் காட்டினார். பாளையின் மகரந்தத்திலுள்ள புரதமும் இப்படித்தான் மடிந்து ஓர் உருவம் எடுக்குமாம். ஐஜிஈ (ஒவ்வாமையைக் கிளப்பும் எதிர்ப்புப் புரதம்) அந்த மடிப்பின் மேடுபள்ளத்தைப் பார்த்தே பிடிக்கும். தென்னையும் கமுகும் ஒரே குடும்பம். சில புரதங்களின் மடிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். தென்னையில் பழகிய பகையை என் உடம்பு கமுகிலும் தீர்த்திருக்கிறது. எனக்கு எரிச்சலாக வந்தது. என்னைக் கேட்காமல் என் உடம்புக்கு என்ன பகை?

மச்சாள் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஏறியபின் மெல்லக் கேட்டார். "அப்ப நீ தலையாட்டினது, புள்ள?"

நான் ஜன்னலுக்கு வெளியே வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது காலையும் மாலையும் இன்ஹேலர். உறிஞ்சிய மருந்து உள்ளே தங்க, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். மச்சாள்தான் எதிரே இருந்து எண்ணுகிறார். "ஒண்டு, ரெண்டு..." அவர் கண் என் முகத்தைவிட்டு விலகுவதில்லை; பஸ்ஸில் கேட்ட கேள்வி இன்னும் அதில் இருக்கிறது. பத்து இவ்வளவு நீளம் என்று எனக்கு முன்பு தெரியாது. அது முடிந்ததும் நான் வாயைத் திறக்கலாம்.

திறக்கிறேன். மூச்சை மட்டும் விடுகிறேன்.