மாமாவுக்கு ஒரு திடீர் சோதனை

1994 செப்டம்பர் 28, புதன்கிழமை. காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு நான் ஆமத்தூரில் தாய்மாமா வீட்டில் இருந்தேன். எனக்குப் பத்து வயது. அன்றைய காலையும் மற்றக் காலைகளைப் போலத்தான் தொடங்கியது. மாமா குளித்தார், திருநீறு பூசினார், கூடத்தில் மாட்டியிருந்த தாத்தா படத்தைக் கும்பிட்டார். இட்லி சாப்பிட்டார். தட்டின் ஓரத்தில் நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தது. அத்தை அதைப் பார்த்தாள். மாமா அத்தையைப் பார்க்கவில்லை. பிறகு ஜீப் கிளம்பியது. விடுமுறை முழுவதும் நானும் அதில் ஏறிக்கொள்வேன்.

தாத்தா என்பவர் அம்மாவுக்கும் மாமாவுக்கும் அப்பா. நான் பிறப்பதற்கு முன்பே, ஒரு தீபாவளி சீசனில், கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டு, அப்படியே போய்விட்டாராம். படத்தில் அவர் முடி கன்னங்கரேலென்று இருக்கும். மற்ற வீட்டுத் தாத்தாக்களெல்லாம் நரைத்த தலையோடு இருக்க, நம் தாத்தா மட்டும் மை பூசிக்கொண்டு போட்டோவுக்கு உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

மாமாவின் பட்டாசுக் கம்பெனி ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் இருந்தது. சின்னப் பிள்ளைகள் கேட்டைத் தாண்டக் கூடாது. வாட்ச்மேன் அறையும் அதன் எதிரே நின்ற வேப்பமரமும்தான் என் எல்லை. பெரியவர்களுக்கும் சட்டம் உண்டு. உள்ளே போகும் எவரும் கேட்டில் நின்று பையைக் காலி செய்ய வேண்டும். தீப்பெட்டி, பீடி, சாவிக்கொத்து, வேறு எந்த இரும்புச் சாமானாக இருந்தாலும் மரப்பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும்; செருப்பையும் கழற்றிவிட வேண்டும். மாமாவும் தினமும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்பார். வாட்ச்மேன் கருப்பையா முதலாளியின் சட்டைப்பையையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்.

அதன் பிறகு மாமா ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று, மணல் வாளி நிறைந்திருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு விரல்கடை குறைந்திருந்தாலும் அவர் சத்தம் கேட்டுவரை வரும்.

"சோதனை போட ஆபீசர் வர்ற அன்னைக்கு மட்டும் வாளிய நெறைக்கலாம்னு பாக்கியாலே? தீ என்ன, ஆபீசரக் கேட்டுக்கிட்டா வரும்?"

இவ்வளவு கறாரான மனிதருக்குத்தான் விருதுநகர் டாக்டரம்மா ஐந்தாறு மாதங்களுக்கு முன் பிரஷர் என்று சொல்லியிருந்தார். உப்பைக் குறைக்க வேண்டும், ஊறுகாயும் எண்ணெய்ப் பலகாரமும் கூடாது, நடக்க வேண்டும், தினமும் ஒரு மாத்திரை, மாதம் ஒரு முறை வந்து காட்ட வேண்டும்.

மாமா எல்லாவற்றையும் செய்தார். டாக்டரிடம் போவதற்கு முந்தைய மூன்று நாள்கள் மட்டும் செய்தார். அந்த மூன்று நாளும் உப்பில்லாத மோர், கேப்பைக் களி. விடிகாலையில் பஸ் நிறுத்தம்வரை நடை. தவறாமல் மாத்திரை. கோபம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு முருகா என்பார். பிரஷர் மிஷினில் பாதரசம் பாதிவரைதான் ஏறும். டாக்டரம்மா தலையாட்டுவார். மாமா வெளியே வந்ததும், கோடை விடுமுறையில் கூடப் போயிருந்த என் தோளில் தட்டி, "பாஸ்!" என்பார். அங்கிருந்து நேராக எண்ணெய்ப் பரோட்டாக் கடைக்கு. மாத்திரை அட்டை மேசை டிராயருக்குள் போய்விடும். டாக்டரிடம் காட்டுவதென்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் என் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருப்பேன்.

சட்டைகளைத் துவைப்பது அத்தை. சால்னாக் கறை எந்தக் கிழமைகளில் வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் கேட் முன்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. டாக்டரம்மா இறங்கினார். பட்டுச்சேலை, தலையில் மல்லிகைப்பூ, கையில் நீளமான பெட்டி. சிவகாசியில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறாராம். கருப்பையா அவரை அதற்கு முன் பார்த்ததில்லை.

"பெட்டிக்குள்ள என்னங்கம்மா?"

"பிரஷர் பாக்குற மிஷின்."

"இரும்புங்களா?"

"இரும்பும் இருக்கு, பாதரசமும் இருக்கு."

"அப்ப உள்ள விடமாட்டேன்மா. கலெக்டரே வந்தாலும் விடக் கூடாதும்பாக எங்க மொதலாளி."

டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "நல்லதாப் போச்சு. அவுகளையே இங்கன வரச் சொல்லுங்க. சோதனை பண்ண ஆள் வந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

கருப்பையா சொல்லியனுப்பினார். மாமா தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். ஒரு வாளிகூடக் குறையாத மனிதரின் நடை அது.

"வாங்க, வாங்க! எந்த ரூம வேணும்னாலும் பாருங்க. இங்கன எல்லாம் எப்பவுமே ரெடி..." என்று வந்தவர், பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, நின்னுட்டீக?"

"டாக்டரம்மாவா? நமக்குத் தேதி அடுத்த வாரம்லா?"

"நீங்க என்கிட்ட வர்ற தேதிதான் அடுத்த வாரம். நான் வர்றதுக்கு என்னிக்குத் தேதி சொன்னேன்?"

மாமா குரலைத் தாழ்த்தினார். "ஒரு மூணு நாள் டயம் குடுங்க."

"எதுக்கு? வாளிய நெறைக்கிறதுக்கா?"

மாமா கருப்பையாவைத் திரும்பி முறைத்தார். தன் வசனம் டாக்டரம்மாவிடம் எப்படிப் போனது என்று யோசித்திருப்பார். எனக்குத் தெரியும். முந்தின நாள் அத்தை போனில் நெடுநேரம் பேசியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

வாட்ச்மேன் அறை ஸ்டூலில் மாமாவைப் பத்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்தார் டாக்டரம்மா. பிறகு கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர்ப் பந்தை அமுக்கினார். பாதரசம் ஏறியது. நான் அதுவரை பார்த்திராத உயரத்துக்கு ஏறியது. கொஞ்சம் விட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"நூத்தி எண்பது. கீழ நூத்திப் பத்து. தலைவலி, கிறுகிறுப்பு ஏதும் உண்டா?"

"ஒண்ணுமே இல்லம்மா. நல்லா கல்லு மாதிரி இருக்கேன்."

"அதேன் எனக்குப் பயமா இருக்கு."

பெட்டியை மூடப் போனவரின் கை, ஜன்னலோரம் இருந்த பொட்டலத்தில் பட்டது. விரலில் எண்ணெய் ஒட்டிக்கொண்டது. விருதுநகருக்கு லோடு இறக்கப் போன வண்டி திரும்பும்போது கொண்டுவந்தது அது.

"இது யாரோடது?"

கருப்பையா மாமாவைப் பார்த்தார். மாமா வேப்பமரத்தைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

"மாமாவோடது. எண்ணெய்ப் பரோட்டா. அதுல ஒண்ணு எனக்கு."

முதலில் சிரித்தவர் டாக்டரம்மா. அடுத்து கருப்பையா, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு. கடைசியில் மாமாவே தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "சொந்தத் தங்கச்சி மகளே காட்டிக்குடுத்துட்டாளே!"

போகும்போது டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னார்: "அளவு கொறஞ்சா சீக்கு போயிருச்சுன்னு அர்த்தமில்ல அண்ணாச்சி. மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். நிறுத்துனா திரும்ப ஏறும். என்னைக் கேக்காம ஒரு நாளும் நிறுத்தாதீக. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க, ரத்தமும் பாத்துருவோம்."

என் பரோட்டா எனக்கு வந்தது. மற்றவை கருப்பையாவுக்குப் போயின.

ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு அரைவாசி. மாமா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்: "ஆபீசர ஏவிவிட்டது நீதானா?"

"நாந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா மூணு நாளு பத்தியம் இருப்பீக."

மாமாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. அத்தை அவர் தலையில் தட்டினாள். தட்டிய கையை எடுக்காமலே, கூடத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நக நட்டு ஏதும் கேக்கலைங்க. உங்க தல நரைச்சு நான் பாக்கணும். அம்புட்டுத்தேன்."

மாமா ஊறுகாய்க் கிண்ணத்தைத் தானே என் பக்கம் நகர்த்திவிட்டார்.

விநோதமான ஆசையாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. ஊரில் எல்லோரும் நரை தெரியக் கூடாதென்று மை வாங்குகிறார்கள். தாத்தா படத்துக்குக் கீழே பிறந்த வருடமும் இறந்த வருடமும் எழுதியிருந்தன. வகுப்பில் கழித்தல் கணக்கில் நான்தான் முதல். ஆனாலும் அந்த இரண்டையும் கழித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பார்த்திருந்தால் நாற்பத்தொன்பது வந்திருக்கும். அந்த வருடம் மாமாவுக்கு நாற்பத்தெட்டு.

மறுநாள் காலை ஜீப் வேண்டாம் என்றார் மாமா. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கம்பெனியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வர நடந்தே கிளம்பினோம். என்றும் கம்பெனிப் பக்கம் வராத அத்தையும் தூக்குவாளியோடு கூட வந்தாள். கேட்டில் மாமா வழக்கம்போல் இரண்டு கைகளையும் தூக்கினார். கருப்பையா சட்டைப்பையைத் தடவி, மாத்திரை அட்டையை வெளியே எடுத்தார்.

"அது இனிமே ஒம் பெட்டியிலேயே இருக்கட்டும்யா. வேல நாள்ல இதப் போடாம என்னை உள்ள விடாத. லீவு நாளுக்கு வீட்டுல ஒரு வாட்ச்மேன் இருக்கா."

அத்தை தூக்குவாளி மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். மாமா மாத்திரையை விழுங்கிவிட்டு, கருப்பையா பார்க்கும்படி நாக்கையும் நீட்டிக் காட்டினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. செருப்பைக் கழற்ற அவர் குனிந்தபோது, காதுக்கு மேலே ஒரே ஒரு வெள்ளை முடி வெயிலில் மின்னியது.

"மாமா, ஒரு நரைமுடி! புடுங்கிறட்டுமா?"

நான் கையை நீட்டியதும் அத்தை பட்டென்று அதைத் தட்டிவிட்டாள்.

"ஏட்டி, அதத் தொட்ட, தெரியும் சேதி!"

ஒற்றை நரைமுடிக்கு இவ்வளவு கோபமா என்று நான் கையைத் தேய்த்துக்கொண்டேன். அத்தை அந்த முடியையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.